ஏன் செத்ததென்று சொன்னால் எடுக்கிறேன்

என் அண்ணி வீட்டு ஃப்ரீஸரில், பட்டாணிப் பொட்டலத்துக்கும் ஐஸ் தட்டுக்கும் நடுவே, ஒரு சாப்பாட்டு டப்பாவில் செத்த தங்கமீன்கள் இருக்கின்றன. மூடியைச் சுற்றி டேப் ஒட்டியிருக்கிறார். வீட்டுக்கு வந்தவர்கள் யாராவது தெரியாமல் திறந்துவிட்டு, "என்னங்க இது கண்றாவி" என்றால், "செத்ததுக்குக் காரணம் தெரியாம அடக்கம் பண்ண மாட்டேன்" என்பார். அவர்கள் சிரிப்பார்கள். அண்ணி சிரிப்பதில்லை. நான் கடல் தாண்டி இருக்கிறேன். அங்கே கரண்ட் போனால்கூட அந்த டப்பாவை நினைத்து முதலில் போன் போடுவது நான்தான்.

அண்ணிக்கு அணுமின் நிலையத்தில் வேலை. அப்படிச் சொன்னால் பெரிதாகத் தெரியும். நிலையத்தின் வாசலுக்கு வெளியே இருக்கும் தகவல் மையத்தில் துடைக்கிற வேலை. கண்ணாடிக் கதவு, பொத்தானை அழுத்தினால் விளக்கெரியும் அணு உலையின் மாதிரி வடிவம், கூட்ட அறையில் நீல நாற்காலிகள், பின்னால் கழிப்பறைகள். பஸ் பஸ்ஸாகப் பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள், பொத்தானை அழுத்துவார்கள், போவார்கள். கூடத்தின் நடுவே ஆளுயரக் கண்ணாடித் தொட்டி ஒன்று. உள்ளே தங்கமீன்கள். மேலே பலகை: "எங்கள் நிலையம் பயன்படுத்தி வெளியேற்றும் நீரில் வாழும் மீன்கள்."

தொட்டி யோசனை மக்கள் தொடர்பு அதிகாரியுடையது. எந்தக் கூட்டத்திலும் அவர் வாயைத் திறந்தால் முதலில் விழும் சொல் "பயப்படாதீங்க". அதனால் ஊரில் அவருக்கு அதுவே பெயர். "நாளைக்குப் பயப்படாதீங்க பேசறாராம், போறியா?" என்று கேட்டுக்கொள்வார்கள். அண்ணிக்குத் தொட்டியக்கா என்று பெயர்.

தொட்டியக்காவின் நாள் இப்படித் தொடங்கும். மையத்தைத் திறந்ததும் தரையைப் பார்ப்பதற்கு முன் தொட்டியைப் பார்ப்பார். எதாவது மிதந்தால் வலையால் எடுத்துப் பழைய செய்தித்தாளில் சுற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, முதல் பஸ் வருவதற்குள் கடைத்தெருவுக்கு ஓட வேண்டும். அங்கே வளர்ப்பு மீன் விற்கிறவர் அவரைத் தூரத்திலேயே பார்த்துவிடுவார்.

"வாங்கக்கா. இன்னிக்கு யாரு போயிட்டாரு?"

"வால்ல வெள்ளைப் பொட்டு வச்சவரு."

"அடப்பாவமே. நேத்துதான டியூட்டில சேந்தாரு."

அதே அளவில், அதே பொட்டுடன் ஒன்றைத் தேடிப் பிடித்துப் பையில் தண்ணீரோடு கட்டித் தருவார். எத்தனையோ வருஷம் இந்தக் கூத்து நடந்தது. ஊருக்கே தெரியும். அண்ணியே எனக்குப் போனில் சொல்லிச் சிரித்திருக்கிறார். தொட்டி மீன் சாவது உலகத்தில் எங்கும் நடப்பதுதான். ஆனால் ஏன் சாகிறது என்று அந்தக் கட்டடத்தில் ஒருவர்கூட, ஒருமுறைகூடக் கேட்டதில்லை. புதுசு வாங்கு என்பார்கள், அவ்வளவுதான். இப்போது அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மழைக்காலத்தில் ஒருநாள் நிலையத்துச் சைரன் அடித்தது. கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. மறுநாள் அறிக்கை வந்தது: ஒரு குழாய் இணைப்பில் கசிவு, சிறிதளவு நீர் ஏரியில் கலந்தது, எல்லாம் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள், மக்கள் கவலைப்பட வேண்டியதில்லை. எவ்வளவு கலந்தது, எது கலந்தது, அனுமதித்த அளவு எது என்று ஒரு எண்கூட அந்த அறிக்கையில் இல்லை. இரண்டு மொழியிலும் தேடித்தேடிப் படித்தேன். இரண்டிலும் இல்லை.

நிலையம் கழிவுநீரை விடுவது அந்த ஏரியில். ஊருக்குக் குடிநீர் வருவதும் அதே ஏரியிலிருந்து. அண்ணன் மகள் அப்போது மாசமாக இருந்தாள். மாப்பிள்ளை லாரியோடு ஊர் ஊராகச் சுற்றுகிறவர் என்பதால் அவள் அம்மா அப்பாவோடுதான் இருந்தாள்.

அண்ணன் நிலையத்துக்குள்ளேயே குழாய் ஃபிட்டர். கசிவைப் பற்றி நான் கேட்டதற்கு, "அது எங்க செக்‌ஷன் இல்லப்பா" என்றார். விரல் வைத்தால் கடிக்கத் தெரியாத மனிதர். பக்கத்துச் சுவருக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று கேட்காமல் இருந்ததால்தான் இத்தனை காலம் வேலையில் இருக்கிறார்.

கசிவுக்கு அடுத்த வாரம் வழக்கம்போல வெளியேற்றுக் கால்வாயிலிருந்து வேனில் தண்ணீர் வந்து தொட்டியில் மாற்றினார்கள். மறுநாள் காலை அண்ணி திறந்தபோது ஒன்றுகூட நீந்தவில்லை. எல்லாம் பக்கவாட்டில் மிதந்தன. புதிதாக வாங்கிவந்து விட்டார். அவையும் போயின. கடைக்காரர் இந்தத் தடவை கேலி பேசவில்லை.

"சூடு ஏறினாலும் சாகும்க்கா. பைப்பு கழுவ மருந்து போட்டிருந்தாலும் சாகும். வேற எதாவதுன்னாலும் சாகும். தண்ணியப் பாக்காம எதுன்னு எப்படிச் சொல்றது? எனக்கு வியாபாரம்தான். ஆனா மனசு ஒப்பலக்கா."

அண்ணி அதிகாரியின் அறைக்குப் போனார். கையில் துடைக்கிற துணியோடு போனதாகச் சொன்னார். நடந்ததை அன்றைக்கே எனக்கு வார்த்தை பிசகாமல் ஒப்பித்தார்.

"சார், மறுபடி மொத்தமும் போச்சு. ஒரு பாட்டில்ல அந்தத் தண்ணிய எடுத்து உங்க லேப்ல குடுத்துப் பாக்கலாமா?"

"பயப்படாதீங்க. மீன்னா சாகத்தான் செய்யும்."

"அது எனக்குத் தெரியும் சார். இத்தன வருஷமா நான்தான எடுத்துப் போடறேன். இப்ப எதுனால செத்துச்சுன்னு கேக்கறேன். அதே ஏரித் தண்ணியத்தான் என் பொண்ணு குடிக்கறா. வயித்துல பிள்ளை இருக்கு."

"உங்களுக்கு எதுக்கும்மா இந்த ஆராய்ச்சி? புதுசா வாங்கி விடுங்க. வெள்ளிக்கிழமை மேலேருந்து குழு வருது."

"சூடா இருக்கலாம். ஒண்ணுமே இல்லாமக்கூட இருக்கலாம். பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு சொன்னீங்கன்னா நான் பேசாமப் போயிடுவேன்."

அவர் கதவைப் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னாராம்: "பாத்தா, ஏன் பாத்தீங்கன்னு கேப்பாங்கம்மா."

நான் எத்தனையோ அறிக்கை படித்திருக்கிறேன். அவற்றில் எதுவும் இந்த ஒரு வரியளவுக்கு உண்மை சொன்னதில்லை. அங்கே இருக்கிற கருவிகளுக்குக் குறைவில்லை, படித்தவர்களுக்குக் குறைவில்லை. ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்து உள்ளே அனுப்ப ஒரு கை நீளவில்லை.

அன்று மாலை வீட்டில் சண்டை. சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்திருந்ததால் நானும் அந்தச் சமையலறையில்தான் இருந்தேன்.

"மீனுக்கெல்லாம் நீ எதுக்கு வக்காலத்து வாங்கற?" என்றார் அண்ணன்.

"மீனுக்கு யாரு வாங்கினா? உங்க பேரப்பிள்ளைக்கு வாங்கறேன்."

"இது கம்பெனி வீடு. ஞாபகம் இருக்கா?"

"கொழாயும் கம்பெனி கொழாதான. உங்களுக்கு அவ்வளவு நம்பிக்கைன்னா அதுல ஒரு டம்ளர் புடிச்சு உங்க கையால அவளுக்குக் குடுங்க. நான் வாயத் தொறக்கல."

"எனக்கும் தாகமாத்தான் இருக்கு, குடுப்பா" என்றாள் மகள். விளையாட்டாகச் சொன்னாளா, வினையாகச் சொன்னாளா தெரியாது. அண்ணன் டம்ளரை எடுத்தார். குழாயைத் திறந்து பிடித்தார். அவள் கையை நீட்டினாள். அவர் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. பிறகு அதைச் சிங்கில் ஊற்றிவிட்டு, டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போனார்.

அதிகாரி சொன்னபடி வியாழக்கிழமை வாங்கி விட்ட மீன்களும் வெள்ளிக்கிழமை காலை மிதந்தன. அண்ணி மறுபடி வாங்கப் போகவில்லை. தரையைத் துடைத்தார். நாற்காலிகளை ஒழுங்காகப் போட்டார். தொட்டியின் கண்ணாடியை வெளியிலிருந்து அப்படித் தேய்த்தாராம், கண்ணாடி இருப்பதே தெரியாத அளவுக்கு. உள்ளே செத்த மீன்கள் அப்படியே மிதந்தன.

அதிகாரி குழுவை வரவேற்க வாசலிலேயே நின்றதால் தொட்டியைப் பார்க்கவில்லை. நேராக அவர்களை அழைத்துக்கொண்டு உள்ளே வந்தார். "பயப்படாதீங்க, நாங்க சொல்றத நம்ப வேண்டாம், இந்த மீன்களையே கேளுங்க" என்பது அவர் வழக்கமாகப் பேசும் வசனம். பேசிக்கொண்டே கையைத் தொட்டிப் பக்கம் நீட்டிவிட்டார். குழுவில் இருந்த ஓர் அம்மாள் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "இதுங்க தூங்குதா?" என்று கேட்டார்.

"எடுங்க, சீக்கிரம்" என்றார் அதிகாரி, அண்ணியிடம், உதடு அசையாமல்.

அண்ணி கையில் வலை இருந்தது. "ஏன் செத்துச்சுன்னு சொல்லுங்க சார். எடுக்கறேன்."

அதிகாரி சிரித்தார். குழுவின் பக்கம் திரும்பி, "தொடைக்கறவங்க. தீனி போட மறந்திருப்பாங்க" என்றார்.

"நேத்து சாயந்தரம் போட்டேன். ஒரு ராத்திரி பட்டினிக்கா மொத்தமும் சாகும்? இதுக்கு முன்னாடி செத்ததையும் நான்தான் எடுத்தேன். புதுசு வாங்கி விட்டதும் நான்தான். நீங்க சொல்லித்தான்." பிறகு குழுவைப் பார்த்துச் சொன்னார்: "ஐயா, அம்மா, நான் யாரையும் குத்தம் சொல்லல. இதுல ஒரு பாட்டில் தண்ணி எடுத்துட்டுப் போங்க. பாத்துட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க. நாங்க குடிக்கற தண்ணிங்க."

குழுத் தலைவர், "குறிச்சுக்கறோம்மா" என்றார். பேனாவை அவர் சட்டைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. எல்லாரும் கூட்ட அறைக்குப் போய்விட்டார்கள். கதவு சாத்திக்கொண்டது. அவ்வளவு பெரிய மனிதர்களில் ஒருவருக்குக்கூட ஒரு காலி பாட்டில் கிடைக்கவில்லை.

அண்ணி தன் சாப்பாட்டை மூடியில் கொட்டிவிட்டு, டப்பாவைக் கழுவி, மீன்களை ஒவ்வொன்றாக எடுத்து அதில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். கூடவே ஒரு பாட்டில் தண்ணீரும் எடுத்தார். அதை வாசல் காவலாளி பையைச் சோதித்து வாங்கி வைத்துக்கொண்டார். நிலையத்தின் சொத்தாம். ஏரியில் ஊற்றும்போது அது யார் சொத்து என்று கேட்டுவிட்டு அண்ணி டப்பாவோடு நடந்தார்.

வேலை போயிற்று. தொட்டியைச் சரியாகப் பராமரிக்கவில்லை என்று காரணம். மீன்களைக் கொன்றவரே அண்ணிதான் என்று ஆக்கிவிட்டார்கள். தொட்டி இருந்த இடத்தில் இப்போது பெரிய டிவி ஒன்று மாட்டியிருக்கிறார்கள். அதில் நாள் முழுக்க மீன்கள் நீந்துகின்றன. "உங்கள வேலைய விட்டு அனுப்பினதுல எனக்குத்தான்க்கா நஷ்டம். டிவி மீன் சாகாது" என்றாராம் கடைக்காரர்.

டப்பாவைத் தூக்கிக்கொண்டு அண்ணி ஏறி இறங்கிய இடங்களைச் சொன்னால் பொழுது போதாது. அரசுப் பரிசோதனைக்கூடத்தில் நிலையத்தின் ஒப்புதல் வேண்டும் என்றார்கள். தனியார் கூடத்தில் கதிர்வீச்சு என்ற சொல்லைக் கேட்டதும் டப்பாவை மேஜையிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். நான் இங்கே விசாரித்தேன். எல்லை தாண்டிக் கொண்டுவரக் கூடாதாம். நிலையத்துக்கு எழுதியதெல்லாம் கிணற்றில் போட்ட கல்.

குழந்தை பிறந்தது. பெண். நன்றாக இருக்கிறாள். இதை எழுதும்போதுகூட அந்த வார்த்தையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். குடிப்பதற்கு மட்டுமல்ல, குளிப்பாட்டவும் கேன் தண்ணீர்தான். மாடிக்குத் தூக்கிக்கொண்டு வருவது அண்ணனின் வேலை. சிரித்த முகத்தோடு இல்லை. "இதெல்லாம் ஓவர்" என்று ஒவ்வொரு படியிலும் சொல்லிக்கொண்டுதான் தூக்குவார்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் போனில் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேன்காரர் தாமதமாக வந்தார். தண்ணீர் இல்லாமல் குளிப்பாட்டுவது நின்றுபோயிருந்தது. அண்ணி அவரைப் பிடித்துக்கொண்டார்.

"என்னப்பா, பிள்ளை காத்திருக்கு. சீக்கிரம் வரக் கூடாதா?"

"முடியாதுக்கா. ஆபீசருங்க வீட்டுக்கெல்லாம் போட்டுட்டுத்தான இந்தத் தெரு. முதல் வீடே பயப்படாதீங்க வீடுதான். லேட்டானா அந்தம்மா போன் மேல போன்."

கேனைக் குனிந்து தூக்கப்போன அண்ணன் அப்படியே நிமிர்ந்தார். "அவரு வீட்டுக்கா? எப்பலேர்ந்து?"

"சைரன் அடிச்சுதுல்ல சார். அதுக்கு மறுநாள்லேர்ந்து."

அண்ணன் கேனை அங்கேயே விட்டார். ஃப்ரீஸரைத் திறந்தார், டப்பாவை எடுத்தார், படியிறங்கிப் போய்விட்டார். ஃப்ரீஸர் கதவு திறந்தே கிடந்தது. அதை மூடச் சொல்லி இங்கிருந்து நான் கத்திக்கொண்டிருந்தேன். யாரும் கேட்கவில்லை.

அவர் திரும்பி வந்தபோது குழந்தை தூங்கிவிட்டிருந்தது. டப்பா அவர் கையில்தான் இருந்தது. அதிகாரி வீட்டில் இல்லையாம். அவர் மனைவிதான் கதவைத் திறந்தாராம்.

"என்ன கேட்டீங்க?" என்றார் அண்ணி.

"ஒண்ணும் கேக்கல. வெயில்ல வந்தேன், கொழாத் தண்ணி ஒரு டம்ளர் தாங்கம்மான்னேன்."

"குடுத்தாங்களா?"

"நல்ல அம்மா. அய்யோ, கொழாத் தண்ணியெல்லாம் வேண்டாங்க, கேன்லேருந்து தர்றேன்னு உள்ள போய்க் கொண்டுவந்தாங்க."

அண்ணன் டப்பாவைப் பட்டாணிக்குப் பக்கத்தில் வைத்தார். கதவை மூடினார். அது சரியாகப் பொருந்தவில்லை. இன்னொரு தடவை அழுத்தி மூடினார்.

"குடிச்சீங்களா?" என்று கேட்டார் அண்ணி.

"குடிச்சேன்" என்றார். "நல்ல தண்ணி."