என் முழங்காலைப் பற்றி நானே கதைத்தேன்

காலை எட்டு மணி ரயிலில் இன்டர்லாக்கனிலிருந்து பாசலுக்குப் புறப்பட்டேன். இரண்டு மணி நேரப் பயணம். முழங்கால் ஒப்பரேஷனுக்கு நாள் குறிக்க வைத்தியர் வரச் சொல்லியிருந்தார். பாசலில் வேலை செய்யும் மகள் துளசி லீவு போட்டு ஆஸ்பத்திரிக்கு வருவதாகச் சொன்னாள். வரவேண்டாம் என்றுவிட்டேன்.

போன மாரியில் முதல் தடவை துளசியோடு போனபோது அந்த வைத்தியர் ஜெர்மன் மொழியில் நெடுநேரம் கதைத்தார். கையை மடக்கிக் காட்டினார், படம் கீறினார். கடைசியில் துளசி என் பக்கம் திரும்பி, "ஒப்பரேஷன் செய்ய வேணுமாம் அம்மா" என்றாள். அவ்வளவுதான். மிச்சக் கதையெல்லாம் எங்கே போனது? கால் என்னுடையது. அடுத்த தடவை என் காதாலேயே கேட்பதென்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

ஜெர்மன் மொழியை இங்குள்ள தமிழர் நாங்கள் டொச் என்போம். ஹோட்டல் சமையலறையில் இத்தனை வருடம் நின்றும் எனக்குத் தெரிந்தது சட்டி, கரண்டி, சுடுதண்ணீர் மட்டும்தான். வேலைக்குப் போகும் பஸ்ஸில் தொடங்கினேன். தினமும் போனில் ஒரு பாடம், இறங்குமுன் பக்கத்தில் இருப்பவரிடம் வாய்விட்டு ஒரு கேள்வி. பனி கொட்டினாலும் உடம்பு முடியாவிட்டாலும் அந்தக் கேள்வியை விடவில்லை. சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கூட வேலை செய்யும் சிவம் அண்ணை, "இந்த வயசில பள்ளிக்கூடமோ?" என்று சிரிப்பார். "ஓம் அண்ணை, நீங்களும் வாங்கோ" என்பேன்.

பாசல் ரயிலில் ஸ்பீட்ஸ் நிலையம் வரை வலப்பக்கம் தூன் ஏரி கூடவே வந்தது. டிக்கெட் பரிசோதகரிடம், இந்த ரயில் நேரே பாசல் போகுமா என்று டொச்சில் கேட்டேன். அவர் ஆங்கிலத்தில் பதில் சொன்னார்.

"நான் டொச்சில்தானே கேட்டேன்?" என்றேன், டொச்சிலேயே.

"ஆங்கிலம் சுலபம் என்று நினைத்தேன்."

"உங்களுக்குச் சுலபம். எனக்கு இல்லை."

பக்கத்து இருக்கைக்காரர் பேப்பரை இறக்கிப் பார்த்தார். பார்க்கட்டும். பரிசோதகர் கொஞ்சம் சிவந்துபோய், பேர்ணில் இறங்கி மாறத் தேவையில்லை என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நன்றி சொன்னேன்.

பத்து மணிக்கு பாசல். நிலையத்து வாசலில் பச்சை ட்ராம் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். வைத்தியர் என் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"மகள் வரவில்லையா? மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடட்டுமா?"

"வேண்டாம். மெதுவாகச் சொல்லுங்கள். விளங்காவிட்டால் கேட்பேன்."

கேட்டேன். அவர் பாசல் ஊர்ப் பேச்சுவழக்குக்கு வழுக்கிய போதெல்லாம் கையைக் காட்டி நிறுத்தி, நான் படித்த பள்ளிக்கூடத்து டொச்சுக்குத் திருப்பிக் கொண்டுவந்தேன். ஒரு சொல் பிடிபடவில்லை, படம் கீறச் சொன்னேன். குருத்தெலும்பு. பிறகு அவர் சொன்னார்:

"ஒப்பரேஷன் செய்யலாம். இப்போதே செய்யவேண்டும் என்றில்லை. முதலில் பயிற்சி செய்து பார்க்கலாம். முடிவு உங்களுடையது. போன தடவையும் இதைத்தான் சொன்னேன்."

இன்னொரு தடவை சொல்ல வைத்தேன். அதே வசனம்தான். கோபமும் சந்தோசமும் ஒன்றாக வந்தன.

"அப்படியென்றால் இப்போது ஒப்பரேஷன் வேண்டாம். பயிற்சி" என்றேன். வினைச்சொல்லைப் பிழையான இடத்தில் வைத்திருப்பேன். அவருக்கு விளங்கியது.

நிலையத்தில் ஐந்து பிராங்குக்கு ஒரு கோப்பி வாங்கிக்கொண்டு திரும்பும் ரயிலில் ஏறினேன். ரயில் புறப்பட்டுக் கொஞ்ச நேரத்தில் துளசி போன் எடுத்தாள்.

"எப்பவாம் அம்மா ஒப்பரேஷன்?"

"இல்லை."

"என்ன இல்லை? செய்ய வேணும் எண்டுதானே சொன்னவர்?"

"செய்யலாம் எண்டு சொன்னவர். வேணும் எண்டது நீ."

"நீங்கள் நொண்டி நொண்டி வேலைக்குப் போறதைப் பாக்கேலாமத்தான் அம்மா" என்றாள்.

"தெரியும் பிள்ளை. எண்டாலும் என்ர கால். இனி என்னட்டக் கேட்டு முடிவெடு."

இந்த நாட்டில் இவ்வளவு காலமும் யாராவது கூட்டிப்போன இடத்துக்குப் போய், யாராவது சொன்னதைக் கேட்டு இருந்திருக்கிறேன். பாசலை விட்டு ரயில் மலைப்பக்கம் ஏறும்போது, முதல் தடவையாக ஓர் ஊருக்கு நானாகவே போய்வந்ததுபோல் இருந்தது.

"அப்ப டொக்டர் வேற என்ன சொன்னவர்?" துளசி கேட்டாள்.

முதலில் இருந்து சொல்லத் தொடங்கினேன். பாதியில் ரயில் சுரங்கத்துக்குள் புகுந்து போன் அறுந்தது. வெளிச்சத்துக்கு வந்ததும் அவளே திரும்ப எடுத்தாள்.

"சொல்லுங்கோ அம்மா, கேக்கிறன்."