வெளிப்பக்கத்துக் கோடு

யாருக்கு வெட்டினாலும் முக்கால் அங்குலம் கூடுதலாக விடுவதால், அந்தத் தையல் கூடத்தில் கட்டிங் மாஸ்டருக்கு ‘முக்காலிஞ்சு’ என்று பெயர். உடம்பு ஒரே அளவில் நிற்காது என்பது அவர் கட்சி. முப்பத்திரண்டு வருடமாக ஒரே மேசை, ஒரே கத்தரி. ஒருநாள் அவருடைய வலது தோள் இறுகிக்கொண்டது. சட்டை மாட்டக்கூட மனைவி கைகொடுக்க வேண்டியதாயிற்று.

“ஒரு மாசம் பொறுக்கறேன் மாஸ்டர். கை சரியாயிடுச்சுன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. இல்லேன்னா வேற ஆளைத்தான் பாக்கணும்” என்றார் முதலாளி.

மருத்துவமனை தூரம். அதனால் பயிற்சி போன் வழியாக. தினமும் காலையில் தையல் மெஷின்மேல் போனைச் சாய்த்து வைப்பார். “வலது கையை மெதுவா மேல தூக்குங்க” என்று ஒரு குரல் சொல்லும். அவர் செய்வதைப் போன் படம் பிடித்து அனுப்பும். பிசியோதெரபி டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு, “அருமை ஐயா!” என்று செய்தி போடுவார்.

“என்னை ஒருநாள் அருமைன்னு சொன்னதில்ல. அந்தம்மா சொன்னா மட்டும் முகத்துல பல்பு எரியுது” என்பாள் மனைவி, சமையலறையிலிருந்தே.

இருபத்தாறாம் நாள் அவள் பட்டன் தைத்தபடி அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். திடீரென்று ஊசியை நிறுத்தினாள்.

“ஏங்க, வலி வலது தோள்லதானே? இடதை ஏன் தூக்குறீங்க?”

அவர் கை அந்தரத்தில் நின்றது.

துணியின் உட்பக்கத்தில்தான் அவர் கோடு போடுவார். வலது என்றால் கை இடப்பக்கம் போகும். உடுத்தும்போது அது வலதாகிவிடும். அந்தப் பழக்கம்தான். குரல் வலது என்றதும் இடது எழுந்திருக்கிறது, இருபத்தாறு நாளும்.

வெட்கத்தோடு டாக்டரம்மாவை வீடியோவில் அழைத்துச் சொன்னார்.

“என்னய்யா விளையாடுறீங்க? வலது கையைத்தானே தூக்குனீங்க. நீங்களே பாருங்க.”

திரையில் பதிவு ஓடியது. அவருடைய அறை. அவருடைய கிழிந்த பனியன். வலது கை காதை உரசி மேலே போயிற்று.

“போன் சில சமயம் இடவலம் மாத்திக் காட்டுமாமே” என்றாள் மனைவி, குரல் இறங்கி.

ஆனால் பதிவில் தெரிந்த பின்சுவர் நாட்காட்டியில் எண்கள் நேராகத்தான் இருந்தன. அதைவிட, படத்தில் இருந்தவர் சிரித்துக்கொண்டிருந்தார். இந்த ஒரு மாதத்தில் அவர் பயிற்சி செய்யும்போது சிரித்ததே இல்லை.

“இப்போ தூக்குங்க, பாப்போம்” என்றார் டாக்டரம்மா.

தூக்கினார். வலது தோள் வலிக்கவில்லை. அவர் தூக்கியது போலவும் இல்லை. கொடியில் கிடக்கும் சட்டையின் கையை யாரோ பிடித்து உயர்த்தியது போல அது எழுந்தது. மனைவி நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

“சூப்பர்! ஒரு படிவம் அனுப்புறேன். சிகிச்சை திருப்தியான்னு பதில் போட்டுட்டா, சான்றிதழ் இன்னிக்கே வந்துடும்.”

படிவத்தில் ஐந்து நட்சத்திரங்கள். கீழே ‘பயிற்சிகளை நீங்களே செய்தீர்களா?’ என்று ஒரு கேள்வி. மேசை போனால் போகட்டும், பொய் சொல்லக் கூடாது என்று நினைத்து, ‘இல்லை’ என்பதை அழுத்த இடது விரலை நீட்டினார். அதற்குள் வலது கை முந்திக்கொண்டு ‘ஆம்’ என்று அழுத்தியது. பிறகு ஐந்தாவது நட்சத்திரத்தையும் அழுத்தியது.

திங்கட்கிழமை மேசைக்குப் போனார். முதலாளி சான்றிதழைப் பார்த்துவிட்டு முதுகில் தட்டினார்.

“பலே மாஸ்டர்! கை புதுசு மாதிரி இருக்கே!”

அவர் வழக்கம்போல் உட்பக்கம் மேலே தெரியும்படி துணியை விரித்து வைத்திருந்தார். வலது கை அதைப் புரட்டிப் போட்டது. சாக்பீஸை எடுத்து, இத்தனை வருடத்தில் அவர் ஒருமுறைகூடக் கோடு போடாத வெளிப்பக்கத்தில் கோடு இழுக்கத் தொடங்கியது. முக்கால் அங்குலம் விடவில்லை.

இடது கை சத்தமில்லாமல் துணியை அழுத்திப் பிடித்துக்கொடுத்தது.