ஒரு குரலுக்கு இரண்டு தகப்பன்

"இருட்டில ஒரு இருமல் கேட்டாப் போதும், ஆரெண்டு சொல்லுவன். கொட்டியாரக் குடாவில எனக்குத் தெரியாத தொண்டை இல்லை!"

பாலையூற்று அஞ்சலோ இதைச் சொன்னது கள்ளுத் தவறணையில் அல்ல. ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் காணொளிக் கூட்டத்தில், பல கண்டத்து அறிஞர்கள் காது கொடுத்திருக்கச் சொன்னார். மூதூர் லோஞ்சுப் படகில் காலமெல்லாம் கயிறு பிடித்த மனிதரை உலகம் தேடி வருவது நியாயம்தானே.

அறிஞர்கள் உலகத் துறைமுகங்களின் உழைப்புப் பாட்டுகளைக் கணினியில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். லிஸ்பனில் மூட்டை சுமந்தவனும் சான்சிபாரில் பாய்மரம் ஏற்றியவனும் ஏற்கெனவே உள்ளே. திருகோணமலையில் யாரோ எப்போதோ பதிந்த கரைவலைப் பாட்டுகளும் இருந்தன. பாடியவர்களின் பெயர்தான் இல்லை. அந்தப் பெயர்களைச் சொல்லும் பொறுப்பு அஞ்சலோவுக்கு.

முதல் குரலைக் கேட்டதுமே, "இது எங்கட மாமா சூசைப்பிள்ளை" என்றார். மனைவி மாகிரட் அழுத அழுகையில் அடுப்பில் மீன் கருகியது. அவள் கைக்குழந்தையாக இருந்தபோது கடலுக்குப் போய்த் திரும்பாத தகப்பன் அவர். வீட்டில் ஒரு படம்கூட இல்லை. அஞ்சலோ சின்னப் பொடியனாகக் கரையில் நின்று அவர் பாட்டைக் கேட்டவராம். அன்று முதல் குசினியில் அந்தப் பாட்டு ஒலிக்காமல் தேங்காய் துருவப்படவில்லை.

செய்தி மூதூருக்குப் போயிற்று. ஆமினா உம்மா தயிர்ச்சட்டியோடு பஸ்ஸேறி வந்தார்.

"தம்பி, எங்கட மகன் நஸ்ரிட வாப்பாவும் வலை இழுத்தவர்தான். அவர்ட குரலும் அதில இரிக்குமா?"

இல்லை என்று சொன்னால் அஞ்சலோவின் தொண்டை ஞானம் என்னாவது? வேறொரு பதிவைப் போட்டு, "இந்தா, ஸஹாப்தீன் காக்கா" என்றார். உம்மாவுக்குக் காது மந்தம், ஆசை மந்தமில்லை. முக்காட்டால் கண்ணைத் துடைத்து, கையேந்தித் துஆச் செய்துவிட்டுப் போனார்.

கணினிக்குத் தயிரின் ருசி தெரியாது. திட்டத்தில் வேலை செய்யும் சுலக்ஷனா ரொறன்ரோவிலிருந்து அழைத்தாள்.

"அங்கிள், அந்த ரெண்டு பதிவிலயும் பாடுறது ஒரே ஆளாம். மெஷின் பிடிச்சிட்டுது."

"மெஷினுக்குத் தடிமன் பிடிச்சுக் காது அடைச்சிருக்கும், பிள்ளை."

"பகிடி விடாதேங்கோ. இண்டைக்குப் பேர்ப்பட்டியலைப் பூட்டினால் பிறகு மாத்த ஏலாது. ஒராளைச் சொல்லுங்கோ."

குசினி வாசலில் மாகிரட் நின்றாள். "எங்கட அப்பா எண்டு சொல்லுங்கோவன். ஏன் முழிக்கிறியள்?"

"திரும்பப் போடு, பிள்ளை."

அலை இரைந்தது, ஒரு மனிதன் பாட, பலர் வாங்கிப் பாடினார்கள். மாமா மாதிரித்தான் இருந்தது. இரண்டாம் முறை ஸஹாப்தீன் மாதிரி இருந்தது. மூன்றாம் முறை இரண்டு பேரும் எழும்பிப் போய்விட, யாரோ ஒருவர் பாடிக்கொண்டிருந்தார்.

"அப்ப இவ்வளவு நாளும் நான் ஆரை நினைச்சு அழுதனான்?" மாகிரட் மெதுவாகத்தான் கேட்டாள்.

அஞ்சலோ அவள் பக்கம் திரும்பவில்லை. போனைக் கிட்டப் பிடித்தார்.

"ஆரெண்டு எனக்குத் தெரியேல்ல, பிள்ளை. ரெண்டு பேரையும் எடுத்து விடு."