கூட உட்காருகிறவர்கள்

சுகாசினியைக் கருத்துச் சொல்லச் சென்னைக்குக் கூப்பிட்டார்கள் என்றதும் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. நான் அங்கே மருந்தாளுநர், தனசேகரன். அவர் கிராம சுகாதார செவிலியர். பதினோரு வருடமாக நெசவாளர் தெருக்களில் வீடு வீடாக ஏறி இறங்கி, கர்ப்பிணிகளைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுகிறவர். இத்தனை காலமும் மேலிடம் எங்களிடம் கேட்டதெல்லாம் புள்ளிவிவரம்தான். புதிய தாய்சேய் நலத் திட்டத்துக்குச் செவிலியரின் கருத்து வேண்டுமாம். கருத்து என்றால் என்ன எழுதிக்கொண்டு போவது என்று என்னிடம் நாலு தடவை கேட்டார். மாத்திரை எண்ணுகிறவனுக்கு என்ன தெரியும்?

அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று, கர்ப்பிணிகளுக்கு மாலை நேர கிளினிக். காரணம் சந்தியா. ஆறு மாதம், கால் வீக்கம், ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே இருந்தது. காலையில் வரச் சொன்னால் வரமாட்டாள். அவள் வீட்டில் கோர்வைச் சேலை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். கணவன் நெய்ய, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கரைக்கான நூல் சுற்றிய நாடாவை வீச வேண்டும். அவள் எழுந்தால் தறி நின்றுவிடும். பொழுது சாய்ந்தால்தான் தறிக்கு ஓய்வு.

சென்னைக் கூட்டத்தில் இளம் அதிகாரி ஒருவர் திரையில் ஓர் அட்டவணை காட்டினார். வேலை செய்யும் கர்ப்பிணிகள் அதிகமுள்ள இடங்களில் மட்டும் மாலை கிளினிக். சுகாசினியின் பகுதிக்கு நேரே பூஜ்யம். அது தப்பு என்று சுகாசினி எழுந்து நின்றாராம். அதிகாரி கோபப்படவில்லை, பதிவேட்டின் பக்கங்களைத் திரையில் காட்டினார். பக்கத்துக்குப் பக்கம் ‘தொழில்: இல்லை’. எல்லாம் சுகாசினியின் கையெழுத்து.

தலை சுற்றிவிட்டது என்றார் என்னிடம். இத்தனை வருடமும் “வேலைக்குப் போறியாம்மா?” என்றுதான் கேட்டிருக்கிறார். “இல்லக்கா, அவருகூட உக்கார்றேன், அவ்ளோதான்” என்பார்கள். தறி கணவன் பெயரில். யாரும் பொய் சொல்லவில்லை. அப்படியென்றால் தப்பு எங்கே நடந்தது? எனக்கும் விளங்கவில்லை.

“பதிவேட்டை நம்பறதா, உங்கள நம்பறதா மேடம்?” என்று கேட்ட அதிகாரி, சரியான கேள்வியை நீங்களே எழுதிக் கொடுங்கள் என்று ஒரு தாளை நீட்டியிருக்கிறார். சுகாசினி அரைமணி நேரம் விழித்துவிட்டு ஒரு வரி எழுதினார்: ‘தறியில் தினமும் எத்தனை மணி நேரம் கூட உட்காருகிறீர்கள்?’ ‘கூட’ என்றால் கூடுதலாகவா என்று கேட்டாராம் அந்தப் படித்த மனிதர். பழைய பதிவுகள் தவறு என்றும் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டார்.

திரும்பும் பேருந்திலிருந்து எனக்குப் போன்.

“நல்லது பண்ணினு வர்றேனா, எனக்கு நானே குழி வெட்டிக்கினு வர்றேனா, ஒண்ணும் புரியல சார்.”

எனக்கும் புரியவில்லை. ஆனால் பயமாக இருந்தது.

அடுத்த வாரம் புதுக் கேள்வியோடு தெருத் தெருவாகப் போனார். அறுபத்து மூன்று பெண்கள் கூட உட்காருகிறார்கள். சந்தியா விரல் விட்டு எண்ணி ஒன்பது மணி நேரம் என்றாள். இதுவும் வேலையா அக்கா என்று கேட்டு, சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாளாம்.

அந்தக் கணக்கைச் சென்னைக்கு அனுப்பிய ஐந்தாவது வாரம் உத்தரவு வந்தது. பரிசோதனை முறையில் புதன்தோறும் மாலை கிளினிக். முதல் புதனே சந்தியா வந்தாள். அழுத்தத்தைப் பார்த்த சுகாசினி அவளை வீட்டுக்கு விடவில்லை, அங்கேயே ஆம்புலன்ஸ் வரவழைத்து ஏற்றிவிட்டார். குறைமாதக் குழந்தைதான், இரண்டு உயிரும் பிழைத்தன.

அதே வாரம் வேறொரு பிரிவிலிருந்து மெமோ. பதினோரு ஆண்டுகள் தவறாகப் பதிவு செய்தது ஏன், மூன்று நாளில் விளக்கம் தருக. ஆதாரமாக அவர் சென்னையில் போட்ட கையெழுத்தின் நகல். கிளினிக்கைக் கொண்டுவந்த கையெழுத்தே மெமோவையும் கொண்டுவந்திருந்தது. பாராட்டா தண்டனையா என்று இருவரும் மாறி மாறிப் படித்தோம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆள் பற்றாக்குறை, அலைச்சல், பதிவேட்டில் கூட உட்காருவதற்குக் கட்டமே இல்லை என்று எழுதச் சொன்னேன்.

அவர் அதையெல்லாம் எழுதவில்லை. இரண்டே வரி எழுதினார்:

‘அந்தப் பெண்கள் உண்மையைத்தான் சொன்னார்கள். எனக்குக் கேட்கத் தெரியவில்லை.’