சொற்கள் கேளாத பாட்டு

ஆக்லாந்துத் தமிழர் திருமணங்களில் திரைப்பாடல்களைச் சேர்ந்து பாடிப் பெரும்புகழ் பெற்றிருந்த நால்வர் குழுவில் கனத்த குரலுக்குரியவர் அவர். நெட்டை உருவம். எவர் பேசினாலும் கண்களை மூடிக்கொண்டே கேட்பார். புதுமை செய்யப்போவதாகச் சொல்லி என்னிடம் பாடல் எழுதி வாங்கியவரும் அவரே.

ஒரு மாதம் உழைத்து நான் எழுதிய அப்பாடலை, நகரின் திரீ கிங்ஸ் பகுதி மண்டபமொன்றில் நடந்த திருமண வரவேற்பில், சரியாக உணவு வேளையில், எதிரொலியும் தலைகீழாக ஓடும் குரல்களுமாகச் கேட்பவரை மயக்கத்தில் மிதக்கவைக்கும் சைக்கடெலிக் இசை என்ற பெயரில் இருபது நிமிடம் பாடினார்கள். அவையோர் ஒவ்வொருவராக எழுந்து கொத்துரொட்டி வரிசைக்குச் சென்றனர்.

“என் பாட்டில் ஒரு சொல்லாவது விளங்கியதா?” என்று பின்னர் அவரிடம் சினந்தேன்.

“சொல்லு விளங்கினா சனம் யோசிக்கும், ஐயா. யோசிச்சா மிதக்கேலாது.”

“மிதந்துதான் சாப்பாட்டுக்குப் போனார்களோ?”

சிரித்தார். “மற்ற மூண்டு பேரும் இனி இது வேண்டாமாம். திரும்பவும் பழைய பாட்டுத்தான்.” பிறகு மெதுவாகக் கேட்டார்: “எல்லாரும் எழும்பிப் போக, நீங்கள் மட்டும் கடைசிமட்டும் இருந்தியளே, ஏன்?”

“என் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தேன்” என்றேன்.

அது முழு உண்மையன்று. பாதியிலேயே தேடுவதை நிறுத்திவிட்டுப் பாட்டைக் கேட்கத் தொடங்கியிருந்தேன். அதை அவரிடம் சொல்லாமல் விட்டதுதான் இன்றுவரை என்மீது எனக்குள்ள எரிச்சல்.