அத்தைக்கு அம்மா ஒளித்துவைத்த இரண்டு நாள்

வரதராசன்பேட்டைப் பக்கத்தில் எங்கள் ஊர். கிறிஸ்துமஸ் வந்தால், இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டும் குடில் கட்டுவதில் தெருவுக்குத் தெரு போட்டி. எங்கள் தெருக் குடிலுக்கு இரண்டு பேர் பொறுப்பு: டீச்சரான என் அம்மாவும், அப்பாவின் தங்கையான அத்தையும்.

டிசம்பர் பிறந்ததும் அம்மா சுவரில் ஓர் அட்டவணை ஒட்டுவாள். குடிலில் வைக்கும் பச்சைக்குக் கேழ்வரகு முளைக்கப் போடுவது என்றைக்கு, வைக்கோல் யார் கொண்டுவருவது, எல்லாம் அதில் இருக்கும். அத்தை அந்தப் பக்கமே திரும்பமாட்டாள்.

"மனசுல இன்னும் வரல அண்ணி."

"அது எந்த பஸ்ல வருது, சொல்லு. போயி கூட்டிட்டு வரேன்" என்பாள் அம்மா. இருவரும் சிரிப்பார்கள்.

எனக்கு ஒன்பது வயதான வருடம், போட்டிக்குக் குடில் பார்க்க மாதா கோயிலிலிருந்து வெள்ளிக்கிழமை வருகிறார்கள் என்று அட்டவணையில் இருந்தது. திங்கள் வரை அத்தைக்கு ஒன்றும் தோன்றவில்லை. "இன்னிக்காவது ஆரம்பி" என்று சொல்லிவிட்டு அம்மா பள்ளிக்கூடம் போனாள். அத்தையின் முகம் வாடிக் கிடந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. கோயிலிலிருந்து வந்த சீட்டை அம்மாவின் கைப்பையில் பார்த்திருந்தேன்.

"வெள்ளிக்கெழம இல்ல அத்தை, ஞாயித்துக்கெழம. அம்மா பொய்யா எழுதிருக்காங்க."

அத்தை என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். அப்புறம் இரண்டு நாள் குடிலைத் தொடவே இல்லை. புதன்கிழமை சைக்கிளில் எங்கேயோ போய்விட்டு மூச்சிரைக்க வந்தாள்.

"அண்ணி, வந்துடுச்சு! எப்பவும் போடுற மலையே வேணாம். நம்மூரு சுண்ணாம்புக்கல் குழி மாதிரி ஆழமா, வெள்ளையா பண்ணி, அடியில பாலன் ஏசுவ வெப்போம்."

"வெள்ளிக்கெழம வராங்களே?"

"ஞாயித்துக்கெழமதானே? சீட்ட நானே பாத்துட்டேன்."

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, சாக்குகளைச் சுண்ணாம்புப் பாலில் முக்கி எடுக்கத் தொடங்கினாள்.

ஞாயிறு மதியம் குழி தயாரானது. வெயில் உள்ளே இறங்க, அது உள்ளிருந்தே ஒளிர்ந்தது. அம்மா அத்தையின் தோளைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு மணி நேரம் இருந்திருக்கும். காயாத சாக்குகள் கனம் தாங்காமல் சரிந்து பாலனை மூடிவிட்டன. நான்கு மணிக்கு வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்கள்.

"ரெண்டு நாள் காஞ்சிருந்தா நின்னுருக்கும் புள்ள" என்றாள் அம்மா. அத்தை அழுதாள்.

தை மாதத்தில் கல்யாணமாகி அத்தை குவைத்துக்குப் போய்விட்டாள். அதன் பிறகு எங்கள் தெருக் குடில் ஒவ்வொரு வருடமும் சொன்ன நாளில் முடிந்தது. பரிசும் இரண்டு முறை வாங்கியது. எனக்கு என்னவோ அந்த ஒரு மணி நேரத்தைத்தான் திரும்பப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.

அன்றைக்கு அம்மாவைப் பொய்க்காரி என்று நினைத்தேன். அத்தைக்குத் தோன்றுவது எப்போதும் தாமதமாகத்தான் தோன்றும் என்று தெரிந்து, யாருக்கும் சொல்லாமல் அவளுக்காக இரண்டு நாளை அம்மா ஒதுக்கிவைத்திருந்தாள் என்பது எனக்குப் புரியவில்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் குடில் நின்றிருக்கும். ஆனால் அந்த வெள்ளைக் குழி அத்தைக்குத் தோன்றியிருக்குமா என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.