நாலாவது கைக்கு வந்த ஒல்லாந்துக்காரி

முந்நூற்றிநாலு என்பது நாலு பேர் ஆடும் சீட்டாட்டம். மூன்று பேர் ஆடினால் அது ஆட்டமில்லை, வெறும் இழுபறி. பாரிசின் லா சப்பலில் எங்கள் வீட்டு மேசையில் ஞாயிறு பின்னேரங்களில் நான், என் மச்சாள், கடைக்கார அண்ணை, இன்னொரு அண்ணை என்று வருசக்கணக்காக ஆடி வந்தோம். அந்த இன்னொருவர் முழங்கால் நோவென்று மகளோடு பொபினிக்குப் போய்விட்டார். பிள்ளைகளைக் கூப்பிட்டால் பிரெஞ்சில் சாட்டுச் சொல்லுவார்கள். மேசை கலைந்துவிடுமோ என்பதுதான் என் பயம். எழுத்து எனக்குக் கொஞ்சம்தான். சீட்டில் என்னை வெல்ல இந்தத் தெருவில் ஆளில்லை. அந்த ஆட்டத்தைக் கைவிட மனம் வரவில்லை.

ஒரு ஞாயிறு மூன்று பேராகவே ஆடிப் பார்த்தோம். மச்சாள் பிழையாக இறக்கினாள்.

"இஸ்கோப்பன்தான் வெட்டுற துரும்பு எண்டு எத்தினை தரம் சொல்லுறது!" என்று கத்தினேன்.

கதவு தட்டுப்பட்டது. கீழ்மாடிக்குப் புதிதாக வந்த ஒல்லாந்துக்காரி, நெதர்லாந்து நாட்டவள், என் வயதிருக்கும். சத்தத்துக்குச் சண்டை பிடிக்க வந்திருக்கிறாள் என்று நினைத்து, "பார்தோன், மதாம்" என்று தொடங்கினேன். அவள் நேரே மேசைக்குப் போனாள். கிடந்த சீட்டுகளில் ஒரு கறுப்பு ஸ்பேட் இலையைத் தொட்டு "ஸ்கோப்பன்?" என்றாள். மற்றக் கறுப்பான கிளப் இலையைத் தொட்டு "கிளாவரன்?" என்றாள்.

"ஓம், கலாவரை," என்றார் அண்ணை. "இவவுக்கு எங்கடை பேச்சு எப்பிடித் தெரியும்?"

"அது அவையின்ரை பேச்சு, அண்ணை. எங்கடை ஊரை ஆண்டிட்டு, யாழ்ப்பாணக் கோட்டையோடை சேர்த்து விட்டிட்டுப் போனது," என்று மச்சாள் சிரித்தாள்.

எங்கள் ஆட்டத்தில் ராசாவைவிட ஒன்பது பெரிது என்று காட்டினேன். தங்கள் ஆட்டத்தில் துரும்புக்கு அப்படித்தான் என்று கைதட்டினாள். பிறகு மெதுவான பிரெஞ்சில் தன் நாட்டுக் கதையைச் சொன்னாள். ஸ்பெயின் ராசாவின் வரியும் மதக் கெடுபிடியும் தாங்காமல், சேற்றிலும் தண்ணீரிலும் கிடந்த சின்னச் சின்ன ஊர்கள் அவரை எதிர்த்து எழும்பினவாம். ராசா தன் துறைமுகங்களை இவர்களின் கப்பல்களுக்கு அடைத்தாராம். இவர்கள் மிளகுக்கும் கறுவாப்பட்டைக்கும் தாங்களே கப்பல் விட்டார்களாம்.

"ராசாவைத் துரத்திப்போட்டு எங்களுக்கு ராசாவா வந்து இருந்தியள் என்ன?" என்றேன். அண்ணை தயங்கித் தயங்கி அதைப் பிரெஞ்சில் சொன்னார்.

அவள் முகம் சிவந்தது. "உண்மைதான்," என்றாள். சாட்டுச் சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்தது. கதிரையை இழுத்துப் போட்டேன்.

என் எதிரே, என் கூட்டாக இருந்தாள். ஒன்பதை ஒளித்து வைத்திருந்து அண்ணையின் ஆஸ் இலையை அடித்து வாங்கினாள். அண்ணை தன் இலைகளை மேசையில் போட்டார்.

"வாற ஞாயிறு உவ என்ரை பக்கம்," என்றார்.

"கனவு காணாதேங்கோ," என்று சொல்லி இலைகளைக் கலக்கினேன்.